மனேஜரும் மாமியும் நியமனக் கடிதமும்

செட்டிபாளையத்தில் ஒரு பிள்ளைக்குக் கம்பனியில் வேலை கிடைத்துவிட்டால் வீட்டில் சொல்லும் முதல் புத்தி ஒன்றுதான்: மேல இருக்கிற ஆக்களோட முரண்டு பிடிக்காத, எல்லாரோடயும் சிரிச்சுப் பேசு, ஒத்துப் போ. பயிற்சி வகுப்பு எடுக்கக் கொழும்பிலிருந்து வருபவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவதும் ஏறத்தாழ இதைத்தான். தாயும் பயிற்றுநரும் இத்தனை ஒற்றுமையாகச் சொல்லும் ஒன்றை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் புத்தியை நம்பி இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போய், முப்பது தாண்டியும் அதே மேசையில், அதே சம்பளப் படியில் இருக்கிற பிள்ளைகள் இந்தக் கரையோரத்தில் நிறையப் பேர். அவர்களில் முரண்டு பிடித்தவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

எந்த ஆலோசனையும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் சரியாகத்தான் இருக்கும். மனேஜருக்கு ஒன்று தேவை, ஊருக்கு இன்னொன்று தேவை, இரண்டுக்கும் நடுவில் நீ நிற்கிறாய் என்ற நாளில் அது என்ன சொல்கிறது? வேலையிடத்து உறவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. படித்த பிள்ளை என்றால் ஆசிரியர், எழுதுவினைஞர், கிராம சேவகர் என்று அரசாங்க உத்தியோகத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர். 2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுவதிலும் போர் முடிந்த பிறகு வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கிளைமேல் கிளையாகத் திறந்தன. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைகளும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் முடித்தவர்களும் அங்கே போனார்கள். இத்தனை பெரிய எண்ணிக்கையில் கம்பனி வேலைக்குப் போனவர்கள் இந்த ஊரில் இவர்கள்தான் முதல் தலைமுறை.

அரசாங்கத்தில் பதவியுயர்வைச் சேவைக்காலமும் தடைதாண்டல் பரீட்சையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கந்தோர்த் தலைவருக்கு உன்னைப் பிடிக்காவிட்டாலும் சம்பள ஏற்றம் வரும். கம்பனியில் உன் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் உனக்கு மேலே இருக்கிற ஒரே ஆள். ஒத்துப் போ என்ற புத்தி பிறப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் காரணத்துக்கு அது சரியான மருந்தா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை நுண்கடன் கம்பனியொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தார். காலை எட்டேகாலுக்குக் கிளைக்குள் போனதும் கண்ணில் படுவது சுவரில் தொங்கும் பலகை. இடப்பக்கம் பெயர்கள், பக்கத்தில் டார்கெட், அதற்குப் பக்கத்தில் நேற்று வசூலானது. பிந்தியவரின் பெயருக்கு நேரே சிவப்பு மை. அதைப் படம் பிடித்து வட்சப் குழுவில் போடுவார்கள், மாகாணம் முழுக்கப் பார்க்கும். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருக்கள்மடத்துத் துறைக்குப் போய், பாதை எனப்படும் மிதவையில் ஏற்றி, அம்பிளாந்துறையில் இறங்கி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் வசூல். பின்னேரம் கடல் பக்கத்து எழுவான்கரைக்குத் திரும்பி வந்து ஊர்க் குழுக்கள். பெண்கள் குழுவாகக் கையெழுத்திட்டு எடுக்கும் கடன் அது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி பரப்பிய முறையின் வழிவந்தது. அப்படியொரு குழுவில் அவருடைய சொந்த மாமியும் இருந்தார்.

"இந்தக் கிழம இல்ல கா. மறுகா பாப்பம். உன்ட மனேஜரிட்டச் சொல்லு" என்றார் மாமி.

பின்னேரம் ஐந்து மணிக்கு மனேஜரின் அழைப்பு. "மாமி எண்டு பாக்காத தங்கச்சி, டார்கெட்டப் பாரு." அந்த மனேஜர் கெட்டவர் அல்லர். ஆறு மணிக்கு அவருக்குப் பிராந்திய முகாமையாளரின் அழைப்பு வரும், அதே பலகையைப் பற்றித்தான். அந்தக் குழுவில் ஐந்து பேரில் மூன்று பேர் வேறு கம்பனிகளிலும் கடன் எடுத்திருக்கிறார்கள், ஒன்றை அடைக்க மற்றதை எடுக்கிறார்கள், இது தாங்காது என்பது பிள்ளைக்கு மாதங்களுக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை. ஒத்துப் போ என்று வளர்த்த பிள்ளை, மேலே இருப்பவருக்குப் பிடிக்காத செய்தியை எப்படிக் கொண்டுபோகும்?

இது ஒரு கிளையின் கதையாக நிற்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், வடக்கும் கிழக்கும் உட்பட, பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசு முன்வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச எல்லையும் வைத்தது. மாமிமார் சொல்லிக்கொண்டிருந்ததில் நியாயம் உண்டென்று அரசே ஏற்க வேண்டி வந்தது. அது நடப்பதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அந்தச் செய்தி வெளிக்கள உத்தியோகத்தர்களின் கையில் இருந்தது. கிளைக்குள் அதைச் சொல்லக்கூடிய உறவுதான் இருக்கவில்லை.

இனி, சிரித்துப் பேசு என்ற பாடத்தின் மூலநூலுக்குப் போவோம். பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் டேல் கார்னகியிடமிருந்து வருகிறது. மிசூரி மாநிலத்து ஏழை விவசாயி வீட்டில் 1888இல் பிறந்தவர். 1912இல் நியூயோர்க் வை.எம்.சீ.ஏ.யில் மேடைப் பேச்சு வகுப்புத் தொடங்கினார். அந்த வகுப்புகளிலிருந்து திரண்டதுதான், நண்பர்களைப் பெறுவதும் பிறரிடம் செல்வாக்குப் பெறுவதும் எப்படி என்று அவர் 1936இல் வெளியிட்ட நூல். தமிழிலும் மொழிபெயர்ப்புகள் உண்டு, ரயில் நிலையக் கடை வரை கிடைக்கும்.

அந்த நூலை இகழ்ந்து ஒதுக்குவது எளிது, ஆனால் நேர்மை அல்ல. பெயரை நினைவில் வைத்துக்கொள், எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேள், நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறை சொல்லாதே, உன் பிழையை உடனே ஒத்துக்கொள் என்று அது சொல்வதெல்லாம் நல்லவை. சிவப்பு மையால் பெயரெழுதிப் படம்பிடித்துப் போடுகிற மனேஜர் அந்த நூலின் முதல் அத்தியாயத்தைப் படித்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றியிருப்பார். இங்கேதான் அதன் இயல்பு பிடிபடுகிறது. அது அதிகாரம் உள்ளவர் கையில் இருந்தால் நன்மை செய்யும் நூல். அதிகாரம் இல்லாதவரிடம் கொடுத்து நீ மேலும் இனிமையாக இரு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நூலுக்குள்ளேயே ஓர் உதாரணம் கிடக்கிறது. அதை யாரும் நின்று படிப்பதில்லை.

பேச்சை நட்போடு தொடங்க வேண்டும் என்பதற்குச் சான்றாகக் கார்னகி சொல்வது இளைய ரொக்பெல்லரின் கதை. கொலராடோவில் ரொக்பெல்லர் குடும்பத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், இரத்தம் சிந்துகிறது, ரொக்பெல்லர் நேரில் போய் அன்பொழுகப் பேசுகிறார், அவர்கள் கூலி உயர்வைப் பற்றி மறுபேச்சில்லாமல் வேலைக்குத் திரும்புகிறார்கள். கார்னகி இதை வெற்றியாகச் சொல்கிறார்.

நடந்தது வேறு. வேலைநிறுத்தம் தொடங்கியது 1913 செப்டெம்பரில். 1914 ஏப்ரல் 20ஆம் திகதி லட்லோ என்ற இடத்தில் தொழிலாளர் குடும்பங்கள் தங்கியிருந்த கூடாரங்களை மாநிலப் படையும் கம்பனிக் காவலர்களும் சுட்டுத் தீவைத்தார்கள். ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு பிள்ளைகளும் மூச்சடைத்து இறந்தார்கள். தொழிற்சங்கத்திடம் பணம் தீர்ந்து 1914 டிசெம்பரில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. ரொக்பெல்லர் பேசியது 1915 ஒக்டோபரில். பேச்சு வருவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பிவிட்டார்கள். போதாததற்கு அந்தப் பேச்சு வெறும் இனிய பேச்சும் அல்ல. பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் வரைந்துகொடுத்த ஒரு திட்டத்தைத் தொழிலாளர் முன் வைத்த பேச்சு அது. தொழிலாளர் பிரதிநிதிகள், முறைப்பாட்டு வழிகள் எல்லாம் அந்தத் திட்டத்தில் இருந்தன, கம்பனியின் பிடிக்குள். கம்பனி ஆட்டிவைக்கும் அத்தகைய சங்கங்களை 1935இல் அமெரிக்காவின் வாக்னர் சட்டம் தடை செய்தது. கார்னகியின் நூல் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

ஒரு நூல் தன் கொள்கைக்குச் சான்றாக எடுத்த வரலாற்றிலேயே இப்படித் தவறியிருந்தால் அந்தத் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். பசியும் துப்பாக்கியும் தீர்த்துவைத்ததை இனிய சொல் தீர்த்துவைத்ததாகச் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் புத்தியிலும் இதே சாய்வுதான் இருக்கிறது. கிளையில் எவராவது உயர்ந்துவிட்டால் அவர் பழகும் விதம் நல்லது என்கிறோம். அவருக்கு எந்தப் பாடசாலை, எந்த மொழி, எந்தத் தகப்பன் என்று கேட்பதில்லை.

சிரிப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் எழுதிய நூலில் இரண்டு தொழில்களை எதிரெதிரே வைத்து ஆராய்ந்தார்: டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்கள், கடன் வசூலிப்பவர்கள். முன்னவர்களுக்கு உள்ளே என்ன இருந்தாலும் இன்முகம் காட்டுவது வேலை. பின்னவர்களுக்கு உள்ளே இரக்கம் இருந்தாலும் கடுமுகம் காட்டுவது வேலை. உணர்ச்சியைக் கூலிக்கு விற்பவர் நாளடைவில் எது தன் உணர்ச்சி என்று அறியாமல் போகிறார் என்பது அவர் கண்டது. நுண்கடன் பிள்ளைக்கு இந்த இரண்டு வேலையும் ஒரே நாளில், சில வேளை ஒரே வாசலில். கடன் கொடுக்கப் போகும்போது இன்முகம், வசூலிக்கப் போகும்போது கடுமுகம், அதுவும் மாமி வீட்டில். விமானப் பயணி இறங்கிப் போய்விடுவார். மாமி அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எதிரே நிற்பார்.

ஆகவே பிடித்தவராக இரு என்பது என் சோதனையில் தேறவில்லை. மனேஜரும் மாமியும் இரண்டு பக்கம் இழுக்கிற நாளில் இரண்டு பக்கமும் சிரி என்பதற்கு மேல் அதனிடம் ஒன்றுமில்லை.

இதைவிட மேலான ஒரு சரக்கு முகாமைத்துவ உலகிலேயே உண்டு. ஜோன் கபாரோவும் ஜோன் கொட்டரும் 1980இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் மேலதிகாரியைக் கையாள்வது பற்றி எழுதிய கட்டுரை. தலைப்பைப் பார்த்தால் மேலதிகாரியைக் காக்கா பிடிக்கும் வழி என்று தோன்றும். உள்ளே இருப்பது அதற்கு நேர்மாறு. உனக்கு அவர் எவ்வளவு தேவையோ அதேபோல அவருக்கும் நீ தேவை, உன்னிடமிருந்து வரும் தகவல் இல்லாமல் அவரால் வேலை செய்ய முடியாது என்பதே அதன் அடித்தளம். அவருக்கு மேலிருந்து என்ன நெருக்குதல் என்று அறிந்துகொள். அவர் எழுத்தில் தந்தால் வாங்கிக்கொள்பவரா, வாயால் சொன்னால் கேட்பவரா என்று பார் (இந்தப் பிரிவினை பீட்டர் டிரக்கரிடமிருந்து அவர்கள் எடுத்தது). திடீரென்று தலையில் எதையும் இறக்காதே. நம்பத்தகுந்தவராக இரு. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பவரும் எதற்கெடுத்தாலும் தலையாட்டுபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள், இருவருமே மேலதிகாரியை ஒரு மனிதராகப் பார்க்கவில்லை.

இதை நம் கிளைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். பிள்ளை ஐந்து மணி அழைப்புக்குக் காத்திருக்காமல் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்: இந்தக் குழுவில் இத்தனை பேருக்கு வேறு கடன் இருக்கிறது, இந்த மாதம் இவ்வளவுதான் வரும், தவணையை நீட்டினால் இவ்வளவு மீளும். அப்போது மாமியின் விடயம் உறவுக்காரர் விடயமாக இல்லாமல் கிளையின் கணக்காகிறது. மனேஜருக்கும் ஆறு மணி அழைப்பில் சொல்ல ஒன்று கிடைக்கிறது. பிடிக்காத செய்தியை நேரத்தோடு கொண்டுவந்தவர் என்று உன் பெயர் அவர் மனதில் விழுகிறது. இரண்டு வருடத்தில் அந்த மனேஜர் இடமாற்றலாகிப் போகும்போது தன்னோடு யாரை அழைத்துப் போக நினைப்பார்? விடியற்காலையில் வணக்கம் சொல்லி வட்சப்பில் பூப்படம் போட்டவரை அல்ல.

வேலையிடத்து உறவின் தரத்துக்கு நான் வைக்கும் அளவு இதுதான்: அது எவ்வளவு கெட்ட செய்தியைத் தாங்கி மேலே கொண்டுபோகும்?

ஆனால் கபாரோவும் கொட்டரும் எழுதிய கட்டுரைக்கும் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. அது நிறுவனங்களின் நடுத்தட்டு முகாமையாளர்களை மனதில் வைத்து எழுதியது. அவர்களைப் போல ஒருவரை வெளியேற்றினால் இன்னொருவரைத் தேட மாதங்கள் ஆகும். களுவாஞ்சிக்குடிக் கிளைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு அறிவித்தல் போட்டால் இரண்டு நாளில் விண்ணப்பங்கள் குவியும். நீ எனக்குத் தேவை என்பது அந்த அளவுக்குப் பலவீனமாகிறது. அதோடு மேலதிகாரி கேட்பது பிழையான காரியமாக இருந்தால் என்ன செய்வது என்பதில் கட்டுரை போதிய தூரம் போகவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் இரு, கட்டும்வரை எழும்பாதே என்று சொல்லப்பட்டால் மனேஜரின் நெருக்குதலைப் புரிந்துகொள்வது மட்டும் விடையாகாது.

அங்கே உதவுவது சட்டம். பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே தொழில் நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது, சாதாரண வேலைநேரம் கிழமைக்கு 45 மணி என்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாத அவகாசம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். வேலையிடத்தில் பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம்.

சட்டத்தைப் பேசினால் உறவு கெட்டுவிடும் என்பார்கள். நான் கண்டது வேறு மாதிரி. தன் நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஊழியர் பதற்றமில்லாமல் பேசுகிறார். பதற்றமில்லாதவரிடம் மேலதிகாரியும் மரியாதையோடு பேசுகிறார். கடிதமே வாங்காமல் ஆறு மாதம் வேலை செய்த பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஒரு நாள் தாங்காமல் வெடித்து, வேலையை விட்டுப் போகிறது. வாயால் வந்த கட்டளையை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியில் 'நீங்கள் சொன்னபடி இன்றைக்கு இதைச் செய்கிறேன் சேர்' என்று எழுதிப் போடுவது முரண்டு பிடிப்பது அல்ல. பிழையான கட்டளைகளில் பல, எழுத்தில் பார்த்ததுமே திரும்பப் பெறப்படுகின்றன.

நம் பண்பாடே பணிந்து போகும் பண்பாடு, அதை மாற்ற முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். மட்டக்களப்பை அறிந்தவர் அப்படிச் சொல்லக் கூடாது. இங்கே குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. பல கோயில்களில் திருவிழாக்கள் குடிகளுக்கு நாள் நாளாகப் பிரிக்கப்பட்டவை, குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் இருந்து நிர்வாகத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் திருவிழா உரிமை இது, எங்கள் முறை இது என்று வயதில் மூத்தவர் முன்னாலும் எழுந்து நின்று கேட்கும் கூட்டங்களை நம் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்கிறார்கள். மாமா என்று மரியாதையோடு கூப்பிட்டுக்கொண்டே கணக்கைக் கேட்கத் தெரிந்த ஊர் இது. அந்தத் தெளிவு கம்பனி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதுதான் எனக்கு விளங்காதது.

உறவை வைத்து வேலை தேடுவது, வளர்வது பற்றியும் ஒரு தீர்ப்புக்கு வர வேண்டும். ஊரில் இரண்டு கட்சிகள். நெருங்கிய சொந்தம் பார்த்துத் தூக்கிவிடும் என்பவர்கள் ஒரு பக்கம், திறமை இருந்தால் போதும் என்பவர்கள் மறுபக்கம். இரண்டும் அரைகுறை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மசாசூசெட்ஸின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை அறிந்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர் 16.7 வீதம்தான், எப்போதாவது சந்திப்பவர் 55.6 வீதம், அரிதாகச் சந்திப்பவர் 27.8 வீதம். காரணம் எளியது. உன் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் உனக்கும் தெரிந்தே இருக்கும், புதுச் செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரின் தரவைக் கொண்டு செய்த ஆய்வும் மிதமான தூரத்து அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது.

அப்படியானால் சொந்தம் பயனற்றதா? சீனாவின் தியன்ஜின் நகரை ஆராய்ந்த யான்ஜியே பியான் 1997இல் எதிர்வாதம் வைத்தார். வேலையை அரசு அதிகாரி பங்கிட்டுக் கொடுக்கும் இடத்தில், சலுகை செய்வது ஆபத்தாக உள்ள இடத்தில், நம்பிக்கையான நெருங்கிய உறவுதான் வேலை செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம் நிலைமை துலங்கும். அரசியல்வாதியின் கடிதத்துக்கு அலைந்த காலத்தில் நம் மூத்தவர்கள் கற்ற பாடம் பியானின் பாடம், நெருங்கிய ஆளைப் பிடி. அதை அப்படியே கம்பனி வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அங்கே பொருந்துவது கிரனோவெட்டரின் பாடம். பிள்ளை ஊர்க்காரரோடு மட்டும் சேர்ந்து சாப்பிட்டு, ஊர்க்காரரோடு மட்டும் பஸ்ஸில் போய்வந்து, ஐந்து வருடத்தில் தன் கிளைக்கு வெளியே ஒருவரையும் அறியாமல் இருக்கிறது.

மேல்தட்டுக்கு இந்தப் பாடம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990களில் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் வணிகக் குழுமத்தின் தலைவராக இருந்த கென் பாலேந்திரா தமிழர்தான். அவர் உயர்ந்தது அவருடைய திறமையால், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் படித்தது கண்டி டிரினிட்டி கல்லூரி. அங்கே றகர் ஆடியவருக்குத் தூரத்து அறிமுகங்கள் மைதானத்திலேயே கிடைத்துவிடும், ஆங்கிலமும் கூடவே வந்துவிடும். செட்டிபாளையத்துப் பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாக உழைத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு வழிகள் உண்டு. வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகள், ஏ.ஏ.டி., சீமா போன்ற கணக்கியல் தகைமைகள் சான்றிதழுக்காக மட்டும் மதிக்கப்பட வேண்டியவை அல்ல. மட்டக்களப்பு வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் வேறு கம்பனிக்காரர், வேறு ஊர்க்காரர், சில வேளை காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ வரும் முஸ்லிம் நண்பர். பிராந்தியக் கூட்டத்தில் ஒரு மூலையில் நம்மவரோடு ஒதுங்காமல், உடைந்த சிங்களத்திலாவது அம்பாறைக் கிளைக்காரரோடு பேசத் துணிவது பதவியுயர்வுக்கு எத்தனை தேநீர் விருந்தையும்விடப் பெரிய முதலீடு. தலைமையலுவலகத்தின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, பேச்சு சிங்களத்தில் நடக்கிறது. இது நீதியானதா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தை முன்வைக்கவும் அந்த இரண்டு மொழிகள் வேண்டும்.

இடமாற்றத்தில்தான் இந்தப் பாடமும் மட்டக்களப்புப் பெண் பிள்ளைக்கு முட்டுகிறது. பல கம்பனிகளில் கிளை முகாமையாளராவதற்கு முன் தூரத்துக் கிளைகளில் வேலை செய்திருக்க வேண்டும். தூரத்து அறிமுகங்கள் கிடைப்பதும் அப்படித்தான். ஆனால் இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மருமகன் வந்து சேருகிறார். ஆணுக்கு ஊர்மாற்றம் திருமணத்தோடு வருகிற வழமை, பெண்ணுக்கோ வீடும் வளவும் தாயும் சகோதரிகளும் ஒரே ஒழுங்கையில். இதே அமைப்புத்தான் அவரை வேலையில் நிலைக்கவும் வைக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மம்மா பக்கத்து வளவில் இருக்கிறார். இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே தொழிற்படையில் இருக்கும்போது இந்த வசதி சிறிய விடயமல்ல. கண்டிக்கோ கொழும்புக்கோ இரண்டு வருடம் போ என்றால் அவர் இழப்பது அந்த முழு அமைப்பையும். மறுத்தால் மதிப்பீட்டில் ஆர்வம் போதாது என்று எழுதப்படும்.

பெண்கள் துணிந்து போக வேண்டும் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது எளிது. போகக்கூடியவர் போகட்டும், திருமணத்துக்கு முன் கிடைத்தால் தயங்காமல் போகட்டும், அதை நான் அழுத்திச் சொல்வேன். போக முடியாதவரைத் தகுதியில்லாதவர் என்று கம்பனி எழுதுவதை ஏற்க முடியாது. தூரத்துக் கிளை அனுபவத்தின் பயன் வேறு சூழலையும் வேறு மனிதரையும் அறிவது என்றால், களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அம்பாறைக்கும் நாளாந்தம் போய்வரக்கூடிய சுழற்சியிலும் அந்தப் பயன் கிடைக்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சந்தைகளும் அந்த ஒரே வீதியொழுங்கில் இருக்கின்றன. இப்படியொரு சுழற்சியை வகுத்து, அதைப் பதவியுயர்வுக்கான வெளிக்கிளைச் சேவையாகக் கணக்கெடுக்கும்படி கேட்க வேண்டியவர்கள் கிழக்கின் கிளை முகாமையாளர்கள். அவர்களில் பலர் இதே ஒழுங்கைகளிலிருந்து போனவர்கள். பிராந்தியக் கூட்டத்தில் பேச அவர்களுக்கு நாற்காலியும் இருக்கிறது.